வாலில் ஒரு கிராம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ பாதியில் விட்டுப்போன பைப்பர் கப் மாடல் விமானத்தை நான் கையில் எடுத்திருக்கிறேன். பறக்கவிடுவது அப்பா பாடு, அலங்காரம் என் பாடு. திட்டாதே, நீ ஒட்டிய பால்சா மரத்தில் ஒரு குச்சியைக்கூட மாற்றவில்லை.

நிஜ விமானத்தில் இறக்கைமேல் போர்த்திய துணியை, உள்ளே குறுக்கே இருக்கும் ரிப் என்ற சட்டத்தோடு சேர்த்துத் தைத்து, அதன்மேல் விளிம்பு பல்பல்லாக வெட்டிய பட்டையை ஒட்டுவார்களாம். படித்ததும் என் ஜிக்ஜாக் கத்தரியைத்தான் எடுத்தேன். ஒட்டிப் பார்த்தால் அபத்தம். நம் மாடல் ஆறில் ஒரு பங்கு. கத்தரியின் பல் அரை சென்டிமீட்டர் என்றால் நிஜ விமானத்தில் அது மூன்று சென்டிமீட்டர், ரம்பம் மாதிரி. பிய்த்துவிட்டு நேர் விளிம்புப் பட்டையே போட்டேன்.

தையல் முடிச்சுகளுக்கு, ஊசிமுனை மழுக்கிய சிரிஞ்சில் வெள்ளைப் பசையை ஏற்றி, ரிப் நெடுக சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் புள்ளி வைத்தேன். முதல் வரிசை குண்டு குண்டாக விழுந்தது. ஈரத்துணியால் துடைத்து, பசையில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடியும் வைத்தேன். காய்ந்ததும் அமுங்கிவிட்டது. மேலே பட்டை, அதன்மேல் மஞ்சள் பெயின்ட். இப்போது நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெளிச்சம் சாய்வாக விழும்போது வரிசையாகத் தெரிகிறது.

அப்புறம் வாலில் மாட்டிக்கொண்டேன். வாலைத் தாங்கும் கம்பிகள், அவற்றை இறுக்கும் முறுக்கிகள், வால் சக்கரத்துக்குச் சின்ன ஸ்பிரிங் என்று ஆசை ஆசையாகச் செய்தேன். மொத்தமே ஒன்பது கிராம். அப்பா இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் கொடுத்துத் தூக்கியதும் வால் பொத்தென்று தொங்கியது. நம் விமானத்தில் வாலில் ஒரு கிராம் ஏறினால் அதைச் சமன் செய்ய மூக்கில் மூன்று கிராம் ஈயம் வைக்க வேண்டுமாம். நீ இதை ஆயிரம் தடவை சொல்லியிருப்பாய், எனக்குத்தான் உறைக்கவில்லை. கம்பியைக் கழற்றிவிட்டு எலாஸ்டிக் நூல் கட்டினேன், முறுக்கிகளைக் காகிதத்தில் சுருட்டினேன். இரண்டு கிராம்கூட வரவில்லை.

மூக்கில் ஆசைக்குத் தடையே இல்லை. கப்பின் எஞ்சினில் மூடிக்கு வெளியே பக்கத்துக்கு இரண்டு சிலிண்டர் நீட்டிக்கொண்டிருக்குமே, அவற்றுக்கு மரக்குச்சியில் தடித்த நூலை நெருக்கமாகச் சுற்றி, கறுப்படித்து, பென்சில் தூளைத் தேய்த்தேன். அசல் உலோகம்தான் போ! அந்த எடைக்கு அப்பா ஈயத்தையும் கொஞ்சம் குறைத்துவிட்டார்.

கண்ணாடிக்கு முன்னால் நிற்கிற பெட்ரோல் கம்பியும் வைத்தாயிற்று. உள்ளே தக்கை மிதக்குமாம், பெட்ரோல் தீரத் தீரக் கம்பி இறங்குமாம். முழு டேங்க் உயரத்துக்கே வைத்திருக்கிறேன். பைலட்டைப் பின் சீட்டில் உட்கார வைத்தேன். இந்த விமானத்தைத் தனியாக ஓட்டுகிறவர் பின்னால்தான் உட்கார வேண்டும் என்று அப்பா சொன்னார். முன் சீட் காலி.

பதிவு எண் மட்டும் எழுதவில்லை. வலது இறக்கைக்கு மேலே, இடதுக்குக் கீழே. அளவெடுத்துப் பென்சில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். அந்தக் கால அமெரிக்க விமானம் என்பதால் என்சி என்று தொடங்க வேண்டும், மிச்ச எண் உன் இஷ்டம். சீக்கிரம் சொல், வார்னிஷ் அடிக்காமல் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா