"நாள் முழுக்க அங்கே என்னப்பா செய்றீங்க?"

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே இருவரும் சுகம். மாடிப்படி ஏறும்போது அம்மாவுக்கு முழங்கால் வலிக்கிறது, மற்றபடி ஒரு குறையும் இல்லை.

போன வாரம் போனில் கேட்டாயே, "நாள் முழுக்க அங்கே என்னப்பா செய்றீங்க?" என்று. நான் "ஊழியம்" என்றேன். நீ "ம்" என்றாய். அந்த "ம்" எனக்குப் பழக்கமானது. நீ பத்தாம் வகுப்பு படிக்கும்போது நான் அறிவுரை சொல்ல வாயெடுத்தாலே வருமே, அதே "ம்". அதனால்தான் இந்தக் கடிதம்.

உள்ளதைச் சொன்னால், வெளிநாட்டில் வாலிபப் பிள்ளைகளுக்காக நாங்கள் செய்கிற இந்தக் கிறிஸ்தவ ஊழியத்தில் பாதி நாற்காலி. மடக்கு நாற்காலிகள் நாற்பது. மத்தியானம் விரிக்க வேண்டும், ராத்திரி மடக்கி அடுக்க வேண்டும். வட்டமாகப் போட வேண்டும் என்பது அம்மா கட்சி. வரிசையாகப் போட வேண்டும் என்பது என் கட்சி. ஆபீஸ் போன காலத்தில் காலையில் ஒரு மணி நேரம், ராத்திரி இரண்டு மணி நேரம்தான் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். இப்போது 24 மணி நேரமும் ஒரே இடம், ஒரே வேலை. பயிற்சி வகுப்பில் என்னென்னவோ சொல்லிக் கொடுத்தார்கள், இதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. முதல் மாதம் நாங்கள் போட்ட சண்டையில் முக்கால்வாசி நாற்காலிச் சண்டை. இப்போது வட்டம்தான். வரிசையில் உட்காருகிற பிள்ளைகள் கடைசி ஜெபம் முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். வட்டத்தில் உட்கார்ந்தால் அவ்வளவு சீக்கிரம் எழுந்திருப்பதில்லை. அம்மாவிடம் இதை இன்னும் நான் ஒப்புக்கொள்ளவில்லை, நீயும் சொல்லாதே.

காலையில் ஐந்தரைக்கு எழுந்து ஜெபம். அப்புறம் மொழி வகுப்பு. என் நோட்டில் வினைச்சொல் அட்டவணை அழகாக இருக்கிறது, வாயில்தான் வரவில்லை. அம்மா நோட்டே வாங்கவில்லை. கீழ்வீட்டுப் பாட்டியோடு கையைக் காலை ஆட்டிப் பேசிப் பேசியே பிடித்துக்கொண்டாள். 1813-இல் பர்மாவின் ரங்கூனுக்கு மிஷனரிகளாகப் போன அமெரிக்கர்கள் ஜட்சன் தம்பதிக்கும் இதே கதைதானாம். அவர் நாளெல்லாம் புத்தகமும் கையுமாக இருக்க, வீட்டைப் பார்த்துக்கொண்ட ஆன் அம்மையார் பேச்சில் முந்திக்கொண்டாராம். இதை வாசித்த பிறகு என் மனசு கொஞ்சம் ஆறியது.

பயிற்சியில் கலாச்சார அதிர்ச்சி பற்றி ஒரு பாடம் இருந்தது. கலெர்வோ ஓபெர்க் என்ற மானுடவியலாளர் 1960-இல் எழுதிய கட்டுரையை எடுத்துச் சொன்னார்கள். அடிக்கடி கை கழுவுவது, குடிதண்ணீர், படுக்கை பற்றியெல்லாம் அளவுக்கு மீறிக் கவலைப்படுவது, சின்னத் தாமதத்துக்கும் கோபம் பொங்குவது, இதெல்லாம் அதற்கு அடையாளமாம். அம்மா கேட்டுவிட்டு, "இதுக்கு வெளிநாட்டுக்கு வரணுமா? கல்யாணம் ஆன நாளிலிருந்து நீங்க இப்படித்தானே இருக்கீங்க" என்றாள். வகுப்பே சிரித்தது.

மூன்று மணிக்குக் கதவைத் திறப்போம். பதினெட்டிலிருந்து இருபத்தைந்து, இருபத்தாறு வயது வரைக்கும் உள்ள பிள்ளைகள் வருவார்கள். படிக்கிறவர்கள் பாதி, வேலைக்கு வந்தவர்கள் பாதி. உள்ளே வந்ததும் முதலில் கேட்பது ஆண்டவரைப் பற்றி அல்ல, வைஃபை பாஸ்வேர்டு. ஆரம்பத்தில் எனக்கு அது உறுத்தியது. பிறகு ஒரு அட்டையில் பெரிதாக எழுதி வாசலிலேயே ஒட்டிவிட்டேன். இப்போது அடுத்த கேள்விக்குச் சீக்கிரம் வருகிறார்கள்.

பகலில் ஏதாவது வேலைக்குப் போகலாமே என்று கேட்டாய். எங்களுக்குக் கொடுத்திருக்கிற விசாவில் சம்பள வேலை பார்க்கக் கூடாது. வேதத்தில் வருகிற தம்பதி ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கூடாரம் தைத்துப் பிழைத்தார்கள், பவுலையும் வீட்டில் சேர்த்துக்கொண்டார்கள். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, காணிக்கைதான். ஆனால் அவர்களிடமிருந்து வேறொன்று எடுத்துக்கொண்டேன். அவர்கள் காலத்துப் பிரசங்கி அப்பொல்லோ நன்றாகப் பேசுகிறவன், ஆனால் அவன் பிரசங்கத்தில் ஒரு குறை இருந்தது. இவர்கள் ஜெப ஆலயத்திலேயே எழுந்து நின்று திருத்தவில்லை. தனியே அழைத்துக்கொண்டு போய்த்தான் விளக்கினார்கள். உன் சிநேகிதிகள் முன்னால் உன்னை நான் திருத்திய நாட்கள் ஞாபகம் வருகின்றன. சரி, அதை விடு.

மாதக் கடைசியில் அறிக்கை அனுப்ப வேண்டும். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை வேதப்பாடம், எத்தனை சந்திப்பு என்று கட்டம் கட்டமாக ஒரு படிவம். பரீட்சை மாதத்தில் அந்தக் கட்டங்களில் ஒன்றும் இருக்காது. ஜட்சன் கையில் முதல் ஞானஸ்நானம் 1819-இல். நம் படிவத்தை அவரிடம் கொடுத்திருந்தால் ஆறு வருஷம் சுழி போட்டு அனுப்பியிருப்பார்.

இனி, பட்டன் விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

ஒரு பையன். பேர் வேண்டாம். மூன்று வாரமாக வந்து ஜன்னல் ஓரத்தில் உட்காருவான், காதில் இயர்போன், முன்னால் லேப்டாப். வணக்கம் சொன்னால் தலை மட்டும் ஆடும். ஒருநாள் ராத்திரி மூடுகிற நேரம், ஊசி நூல் இருக்குமா என்று கேட்டான். கையில் கழன்றுபோன சட்டை பட்டன். மறுநாள் எங்கேயோ நேர்முகத் தேர்வாம். அம்மா பட்டனை வாங்கிக்கொண்டு, "நில்லு, அப்படியே தைச்சுடறேன்" என்று போட்டிருந்த சட்டையிலேயே தைக்க ஆரம்பித்தாள். அவனால் நகர முடியாது. கத்தரிக்கோலோடு நான் பக்கத்தில். பிள்ளைகளோடு தனியே அறைக்குள் இருக்கக் கூடாது, கதவு திறந்தே இருக்க வேண்டும் என்பது இங்கே கண்டிப்பான விதி. எப்போதும் நாங்கள் இருவராக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டு குத்து போட்டிருப்பாள். அவன் பேச ஆரம்பித்தான். அவன் அப்பா இறந்து நான்கு மாதம். அடக்கத்தை இங்கே ஹாஸ்டல் படிக்கட்டில் உட்கார்ந்து போனில் பார்த்திருக்கிறான். நடுவில் சிக்னல் போய்விட்டது. திரும்பி வந்தபோது குழியை மூடிவிட்டார்கள். யாரிடமும் சொல்லவில்லையாம்.

எனக்கு நாக்கு நுனியில் ஒரு வேத வசனம் வந்துவிட்டது. என்னை உனக்குத் தெரியுமே. அம்மா நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள், விழுங்கிவிட்டேன்.

பட்டன் தைத்து முடிந்தது. முடிச்சும் போட்டாயிற்று. நான் கத்தரிக்கோலை நீட்டினேன். வாங்கியவள் முடிச்சுக்குக் கீழே வெட்டாமல், தைத்த நூலையே நறுக்கிவிட்டாள். பட்டன் உள்ளங்கையில் விழுந்தது. "சரியா உட்காரல தம்பி, திரும்பத் தைக்கிறேன்" என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள். அவன் பேசிக்கொண்டே இருந்தான். அந்தப் பட்டனை அன்று மூன்று தடவை தைத்தாள். கடைசித் தடவை முடிக்கும்போது மணி பதினொன்றேகால். போகும்போது அவனே, "ஜெபம் பண்றீங்களா?" என்று கேட்டான்.

அறிக்கையில் இதை எந்தக் கட்டத்தில் போடுவது? சந்திப்பு, 1 என்று போட்டேன்.

அவனும் ஜூலையில் போய்விடுவான். பேரும் முகமும் மனசில் பதிகிற நேரத்தில் படிப்பு முடிந்து விமானம் ஏறிவிடுகிறார்கள். புதுக் கூட்டம் வரும், வைஃபை பாஸ்வேர்டு கேட்கும். விடுமுறையில் எல்லோரும் வீட்டுக்குப் போக, டிக்கெட்டுக்கு வழியில்லாத ஏழெட்டுப் பேர் மிஞ்சுவார்கள். எங்களுக்குப் பிடித்த காலம் அதுதான். நாற்காலி விரிக்க வேண்டாம், தரையிலேயே உட்கார்ந்துகொள்வோம்.

ஊரார் பிள்ளைகளுக்கு நேரம் இருக்கிறது, எனக்கு இல்லையா என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை. நீ ஹாஸ்டலில் இருந்த நான்கு வருஷமும் நான் ஞாயிறுதோறும் போன் செய்து மார்க் மட்டும் விசாரித்தேன். அங்கே உனக்கு யாராவது பட்டன் தைத்துக் கொடுத்தார்களா? அடுத்த போனில் சொல். நான் குறுக்கே பேசமாட்டேன், அம்மா பக்கத்தில்தான் இருப்பாள்.

இன்னொன்று. சின்ன வயதில் நீ கொட்டிக் கொட்டி விளையாடிய அம்மாவின் பட்டன் டப்பா உன் அலமாரியில்தானே இருக்கிறது? இந்தப் பக்கம் யாராவது வந்தால் கொடுத்தனுப்பு. வெள்ளையில் நாலு ஓட்டை பட்டன் அதிகமாக வேண்டும் என்கிறாள் அம்மா.

அன்புடன்,
அப்பா