முன்வரிசையில் சிரித்தவன் எழுதுவது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில், நாகர்கோவிலில் நடந்த தமிழ் 'ஹாம்லெட்' பற்றி உங்கள் விமர்சகர் எழுதியதைப் படித்தேன். நடிப்பு, விளக்கு, உடை எல்லாவற்றுக்கும் பாராட்டு. சரி, சந்தோஷம். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: "உலகப் புகழ்பெற்ற துன்பியல் நாடகத்தின் கல்லறைக் காட்சியில் முன்வரிசையில் சிலர் வாய்விட்டுச் சிரித்தது, இம்மாவட்டத்தின் ரசனை எங்கே நிற்கிறது என்பதைக் காட்டியது."

அந்தச் சிலரில் நானும் ஒருவன்.

அந்தக் காட்சியை ஷேக்ஸ்பியர் வேறு எதற்கு எழுதினாராம்? குழி வெட்டுகிற ஆள் ஒருவன், கூட இன்னொருவன். தண்ணீரில் மூழ்கிச் செத்த பெண்ணுக்கு முறைப்படி அடக்கம் உண்டா இல்லையா என்று வக்கீல் மாதிரி வாதாடுகிறார்கள். மனுஷன் தண்ணீரைத் தேடிப் போனால் தற்கொலை, தண்ணீர் மனுஷனைத் தேடி வந்தால் அது கணக்கில் சேராது என்று சட்டம் பேசுகிறான் ஒருவன். கொத்தனார், தச்சர், கப்பல் கட்டுகிறவர் எல்லோரையும்விட உறுதியாகக் கட்டுகிறவன் யார் என்று விடுகதை வேறு. விடை, குழி வெட்டுகிறவன்தான். அவன் கட்டிய வீடு உலகம் அழிகிறவரை நிற்குமே! அப்புறம், எதிரே நிற்பது இளவரசன் என்று தெரியாமல் அவனிடமே, ஹாம்லெட்டுக்குப் பைத்தியம், இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள், குணமாகாவிட்டாலும் அங்கே யாருக்கும் தெரியாது, அங்கே எல்லோரும் அப்படித்தான் என்கிறான். 1600 வாக்கில் இங்கிலாந்துக்காரர்களையே எதிரே உட்கார வைத்து அடித்த கிண்டல் ஐயா இது. அதற்குப் பூதப்பாண்டிக்காரன் சிரித்தால் மாவட்டத்துக்கே ரசனை இல்லையா?

நான் மைக் செட் வைத்துப் பிழைத்தவன். சுடலைமாடன் கோயில் கொடைவிழா, இசக்கியம்மன் கொடை, வில்லுப்பாட்டு, நாடகம் என்று தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் விடிய விடிய ஆம்ப்ளிபயர் பக்கத்திலேயே உட்கார்ந்து வயசு போயிற்று. மேடையைவிடக் கூட்டத்தைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். அரிச்சந்திரா நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிடப் பெரிய துயரம் நம் மேடையில் உண்டா? அதிலேயே, சந்திரமதியை விலைக்கு வாங்குகிற காலகண்டர் வேஷக்காரர் மடியிலிருந்து சில்லறையை எடுத்து, எண்ணி, திரும்ப எண்ணி, கொடுக்கப் போகிற மாதிரி நீட்டிவிட்டு மடியிலேயே முடிந்துகொள்வார். கிழவிகள் வாயிலிருக்கிற வெற்றிலை சிதறச் சிரிப்பார்கள். அதற்கு அப்புறம்தான் பாம்பு கடித்த லோகிதாசனைத் தூக்கிக்கொண்டு சந்திரமதி சுடுகாட்டுக்கு வருவாள். சொந்தப் புருஷனே ஆள் தெரியாமல் கால் பணமும் முழத்துண்டும் கேட்பான். அந்த இடத்தில் நான் வால்யூமைக் குறைத்துவிடுவேன். ஹார்மோனியத்தின் துருத்தி மூச்சு வாங்குவதுகூடக் குழாயில் கேட்கும், ஜனம் அப்படி அடங்கிக் கிடக்கும். நேரமாகிறதென்று காலகண்டரையும் கடன் வசூலிக்க வருகிற நட்சத்திரேசனையும் வெட்டிவிட்டு நேரே மயானத்துக்குப் போன ஒரு குழுவையும் பார்த்திருக்கிறேன். சந்திரமதி அழுதுகொண்டிருந்தாள், பாதி ஜனம் டீக்கடையில் நின்றது.

நாகர்கோவிலிலும் அதேதான் நடந்தது. சிரித்துக்கொண்டே இருந்தோம், குழிக்குள்ளிருந்து விதூஷகன் யாரிக்கின் மண்டையோடு வந்தது, பின்னாலேயே தண்ணீரில் மூழ்கிய அந்தப் பெண் ஒபீலியாவின் பிணம் வந்தது. அரங்கத்தில் ஒருவர் இருமவில்லை. விமர்சகர் எங்கள் சிரிப்பை எழுதினார், அந்த அமைதியை எழுதவில்லை. கடைசி பஸ்ஸைப் பிடிக்க முன்னதாகவே எழுந்து போய்விட்டாரோ என்னவோ. (எங்களுக்கும் கடைசி பஸ் போய்விட்டது. அது வேறு கடிதம்.)

ஆங்கில இலக்கியம் படித்த என் மகளிடம் இதைச் சொன்னபோது, இந்த வியாதி பழையது அப்பா என்றாள். டேவிட் காரிக் என்ற பெரிய நடிகர் 1772ல் லண்டனில் குழி வெட்டுகிறவர்களையே நாடகத்திலிருந்து நீக்கிவிட்டாராம். துயரத்தில் என்ன கோமாளித்தனம் என்று பிரான்சு தேசத்து எழுத்தாளர் வால்டேரும் முன்பே முகம் சுளித்திருக்கிறார். கொஞ்ச வருஷத்திலேயே அந்தக் குழி வெட்டுகிறவர்கள் மண்வெட்டியோடு மேடைக்குத் திரும்பிவிட்டார்கள். ஆக, உங்கள் விமர்சகருக்குத் துணை பலமாகத்தான் இருக்கிறது.

ஒழுகினசேரியில் 1908ல் பிறந்து, நாடகக் கொட்டகையில் சோடா விற்று, அப்புறம் மேடையேறிய என்.எஸ். கிருஷ்ணனின் மாவட்டம் இது. அவருக்குக் 'கலைவாணர்' பட்டம் கொடுத்தவர் பம்மல் சம்பந்த முதலியார். 'ஹாம்லெட்'டை 'அமலாதித்யன்' ஆக்கித் தமிழ் மேடைக்குத் தந்த அதே முதலியார்தான், அரிச்சந்திரனைத் தலைகீழாகப் புரட்டி, பொய்யே பேசுகிற ராஜாவை வைத்துச் 'சந்திரஹரி'யும் எழுதினார். இதெல்லாம் தாங்கள் அறியாததல்ல. விமர்சனம் எழுதிய அந்தத் தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம்.

ஆனால் யாரைக் குறை சொல்ல? வில்லுப்பாட்டின் வில்லையும் குடத்தையும் படத்தில் பளிச்சென்று போட்டுவிட்டு அடியில் 'கரகாட்டம்' என்று அச்சடித்த பத்திரிகைதானே உங்களுடையது. கலைவாணர் பிறந்தநாளுக்கு, மணிமேடையில் மாலை போட்டவர்களின் பெயர்ப்பட்டியல் முழுசாக வந்தது. கலைவாணர் என்ன செய்தார் என்று ஒரு வரி இல்லை. அது பற்றி நான் எழுதிய கடிதத்தைச் சுருக்கி, பாராட்டுக் கடிதம் மாதிரி ஆக்கி வெளியிட்டீர்கள். அதற்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும்போல.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. முன்பு சனிக்கிழமைதோறும் எங்கே நாடகம், எங்கே வில்லுப்பாட்டு, எத்தனை மணிக்கு என்று சின்னப் பெட்டி ஒன்று போடுவீர்கள். இப்போது அந்த இடத்தில் ராசிபலன் நீண்டு கிடக்கிறது. 'ஹாம்லெட்' நடப்பதே வடசேரியில் சுவரொட்டியைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அந்தப் பெட்டியைத் திரும்பப் போடுங்கள், நாலு வரி போதும்.

இந்தக் கடிதத்தை வழக்கம்போல வெட்டிக்கொள்ளுங்கள். ஊர் பெயரை மட்டும் இந்தத் தடவை சரியாகப் போடவும். போன முறை இரணியல் என்று போட்டிருந்தீர்கள்.

இப்படிக்கு,
பழைய மைக் செட்காரன்,
பூதப்பாண்டி.