பேஸ்போல் அணிக்கு முன் மைதானம்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

திருகோணமலைக்கென ஒரு பேஸ்போல் அணி வேண்டும் என்று விரும்பும் இளைஞர்கள் சீருடை, அனுசரணை பற்றியே முதலில் பேசுகிறார்கள். மைதானத்திலிருந்து தொடங்குங்கள். அமெரிக்காவின் ஃபுரொன்ரியர் லீக்கிலும், ஜப்பானில் 2005இல் தொடங்கிய ஷிகொக்கு தீவு லீக்கிலும் ஆடும் சுயாதீன அணிகளைப் பெரிய கழகம் எதுவும் தாங்குவதில்லை. நுழைவுச்சீட்டும் உள்ளூர் விளம்பரமும்தான் அவற்றுக்குச் சோறு போடுகின்றன. சொந்த மைதானத்தில் ஓர் ஆட்டம் நின்றால் அன்றைய வருமானம் போய்விடும்.

துடுப்பாட்டக்காரர் நின்று அடிக்கும் இடத்தில் பதிக்கும் தட்டுத்தான் ஹோம் பிளேட். அதன் பின்முனையிலிருந்து கிழக்கு-வடகிழக்காக 127 அடி 3⅜ அங்குலம் அளந்தால் இரண்டாம் தளத்தின் நடு கிடைக்கும். அந்தப் பின்முனையிலிருந்தும் இந்த நடுவிலிருந்தும் 90 அடி நாடாவை இழுங்கள். அவை சந்திக்கும் இடங்களே முதலாம், மூன்றாம் தள மூலைகள். இந்த இரு தளங்களிலும் வைக்கும் பைகள், நான்கு மூலைகளும் சேர்ந்த சதுரத்துக்கு உள்ளேதான் இருக்க வேண்டும். பலர் கோட்டுக்கு வெளியே வைத்துவிடுகிறார்கள். இத்திசையில் அமைத்தால் மாலை வெயில் துடுப்பாட்டக்காரரின் கண்ணில் படாது. ஆனால் கச்சான் காற்று அவர் முதுகுப் பக்கமிருந்து வீசும், உயர்ந்த பந்து தூரம் போகும். வெளிவேலியை நெருக்கமாகப் போட்டால் பந்தெல்லாம் தெருவில்தான்.

அதிகம் பிழைப்பது பந்துவீச்சு மேடு. உயரம் 10 அங்குலம், வட்டத்தின் விட்டம் 18 அடி. பந்துவீச்சாளர் கால் வைத்து வீசும் வீச்சுப் பலகையின் முன்விளிம்பு பிளேட்டின் பின்முனையிலிருந்து 60 அடி 6 அங்குலத்தில் இருக்க வேண்டும். பலகைக்கு முன் 6 அங்குலம் சமதளம், பிறகு அடிக்கு ஓர் அங்குலச் சரிவு. எங்கள் கரையோர மணல் இதற்கு ஆகாது. முன்கால் ஊன்றும் இடம் சில ஓவர் அளவு வீச்சிலேயே குழியாகி, கணுக்கால் பிசகும். களிமண் கலந்து, ஓர் அங்குலப் படையாகப் போட்டு, நனைத்து, இடித்து இறுக்க வேண்டும். காலூன்றும் இடத்தில் களி கூடுதலாக இருக்கட்டும். ஆட்டம் முடிந்ததும் குழியைக் கிளறி, நனைத்து, புதுக்களி நிரப்பித் தறப்பாளால் மூடுங்கள். காய்ந்த குழியில் போட்ட மண் ஒட்டாது, பாளமாகப் பெயரும்.

மக்கெய்சர் விளையாட்டரங்கு போல உதைபந்தாட்டமும் நடக்கும் இடத்தில் நிரந்தர மேடு கட்டக் கூடாது. மரப்பலகையால் செய்து பிரித்தெடுக்கும் மேடே பொருந்தும்; அது நழுவாதபடி முளையடிப்பது முக்கியம்.

ஐப்பசி மழையில் மண்வேலை வீண். மாசி, பங்குனியில் தொடங்கினால் மே மாதம் ஆடலாம். மைதானப் பொறுப்பாளர்கள் மாசிக்கு முன் இடத்தை ஒதுக்கித் தர வேண்டுகிறோம்.

பேஸ்போல் ஆர்வலர்கள்,
உவர்மலை, திருகோணமலை.