'ராட்சத சுறா' வேண்டாமே!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஒரு படம் வந்திருந்தது. கரை ஒதுங்கிய பெரிய மீன், அதன் முதுகில் ஏறி நிற்கும் இரண்டு பையன்கள், வாலில் ஒரு கயிறு. மேலே கொட்டை எழுத்தில் 'ராட்சத சுறா. குளித்தவர்கள் அலறி ஓட்டம்'. என் பேத்தி அதைப் படித்துவிட்டு, "தாத்தா, இனிமே கடல்ல நீந்தப் போகாதீங்க" என்று அழுதாள். இந்தக் கடிதத்துக்கு அதுதான் காரணம்.

படத்தில் இருந்தது திமிங்கிலச் சுறா. உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி இருந்ததை வைத்துச் சொல்கிறேன். அதை நான் தண்ணீருக்குள் பார்த்திருக்கிறேன், ஒரு கை நீட்டினால் தொடும் தூரத்தில்.

நான் மீனவன் அல்ல. உப்பளத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன், வயது 66. மச்சினனுக்குத் தூத்துக்குடி திரேஸ்புரத்தில் ஒரு வள்ளம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் வள்ளம் கடலுக்குப் போகாது என்பதால், வேலையில் இருந்தபோதே சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு அவனோடு போய்விடுவேன். மீன் பிடிப்பதில் என்னால் ஒரு உதவியும் கிடையாது. வலையை இறக்கிவிட்டு அவர்கள் காத்திருக்கும் நேரத்தில் குதித்து, வள்ளத்தைச் சுற்றி நீந்துவேன். "அத்தான் வந்தா டீசல்தான் வேஸ்ட்" என்பான் மச்சினன்.

அந்த மீனைப் பார்த்த அன்றைக்குக் காற்றே இல்லை. கரை ஒரு பென்சில் கோடு மாதிரி தெரிந்தது. நீந்திக்கொண்டே திரும்பினால் எனக்குக் கீழே தண்ணீர் கறுத்திருந்தது. வள்ளத்து நிழல் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் வெயில் எனக்கு நேர் எதிரே. வள்ளத்து நிழல் அந்தப் பக்கம் விழவே முடியாது. அதற்குள் அந்தக் கறுப்பில் புள்ளிகள் தெரிய ஆரம்பித்தன. பெரிய கோலத்துக்கு வைத்தது போல வரிசையாக, நடுவே மங்கலான கோடுகள். வள்ளம் 32 அடி. மீனின் தலை அணியத்துக்கு (வள்ளத்தின் முன்முனை) நேரே இருந்தபோது வால் சுக்கானைத் தாண்டியிருந்தது.

மச்சினன் மேலிருந்து, "ஏறுங்க அத்தான், ஏறுங்க!" என்று கத்துகிறான். கை கால் வந்தால்தானே ஏற? எனக்கு என்ன ஆனது என்பதைப் பத்திரிகையில் எழுத முடியாது. கடல் தண்ணீர், யாருக்கும் தெரியாது.

அது வாயைத் திறந்துகொண்டு வந்தது. ஒரு ஆள் காலை மடக்கிப் படுத்துக்கொள்ளும் அகலம். உள்ளே பல் ஒன்றும் கண்ணில் படவில்லை (உண்டு, ஆனால் சிறு சிறு மணியாக). பொடி மீன் கூட்டம் வெள்ளிப் பொடி கொட்டியது போல அதன் முன்னால் சிதறியது. வயிற்றின் அடியில் இரண்டு மூன்று மீன்கள் ஒட்டிக்கொண்டு இலவசப் பயணம். வாயோரத்தில் கண். அவ்வளவு பெரிய உடம்புக்கு எலுமிச்சம்பழம் அளவில் ஒரு கண்! நான் பயத்தில் காலை உதறியதும் அந்தக் கண் குழிக்குள் இழுத்துக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் வெளியே வந்தது. என்னைப் பார்த்து அது பயந்தது, ஐயா. அப்புறம் வாலை ஒரே ஒரு தடவை ஆட்டியது, மாதா கோவில் கதவைச் சாத்துவது போல நிதானமாக. அந்தத் தள்ளலில் நான் இரண்டு ஆள் நீளம் நகர்ந்துபோனேன். அவ்வளவுதான் எனக்கும் அதற்கும் நடந்தது.

கடலில் எதுவும் ஒன்றும் செய்யாது என்று சொல்ல வரவில்லை. சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்டு என் தோள் மூன்று நாள் எரிந்திருக்கிறது. திருக்கையின் வால் முள் பொல்லாதது, கடல் பாம்பின் விஷம் அதைவிடப் பொல்லாதது. மிதவை உயிரிகளையும் பொடி மீனையும் சலித்துத் தின்னும் ஒரு பிராணியைப் போய் ராட்சதன் என்கிறீர்களே, அதுதான் என் வருத்தம். ராட்சதன் என்றால் மேலே ஏறி நிற்கலாம், கயிறு கட்டி இழுக்கலாம் என்று பையன்களுக்குத் தோன்றுகிறது.

நான் ஒன்றும் யோக்கியன் இல்லை. எட்டு வயதில் இளைப்புக்கு நல்லது என்று என் தாத்தா ஒரு டம்ளர் ஆமை ரத்தம் குடிக்க வைத்தார். அப்போது எங்கள் ஊரில் அது வெளிப்படையாகவே நடக்கும். சட்டம் வந்த பிறகுதான் ஒடுங்கியது. இளைப்பு போகவில்லை என்பது வேறு விஷயம்.

2016 ஜனவரியில் மணப்பாட்டுக்கும் கல்லாமொழிக்கும் இடையே பைலட் திமிங்கிலங்கள் கூட்டமாகக் கரை ஒதுங்கியது உங்கள் வாசகர்களுக்கு நினைவிருக்கும். எண்பதுக்கும் மேல். திருச்செந்தூர் பஸ் பிடித்துப் போய் நானும் தள்ளினேன். தோல், தண்ணீரில் ஊறிய சைக்கிள் டியூப் மாதிரி இருந்தது. தலை உச்சியிலிருந்து அது விட்ட மூச்சு என் முகத்தில் சூடாக அடித்தது. விசில் போலச் சன்னமாக ஒரு சத்தம் வேறு. ஆறேழு பேர் சேர்ந்து கழுத்தளவு தண்ணீருக்குக் கொண்டுபோய் விட்டோம். போனது. கரையேறி நான் வேட்டியைப் பிழிந்து முடிப்பதற்குள் அதே திமிங்கிலம் இருபது அடி தள்ளித் திரும்ப வந்து கிடந்தது. குடும்பமாகத் திரிகிறவை, மற்றவை கரையில் கிடக்க அது எங்கே போகும்? 1973-லும் இதே மணப்பாட்டுப் பக்கம் 147 ஒதுங்கியதாகப் பதிவு இருக்கிறது.

அன்றும் சிலர் ஏறி உட்கார்ந்து படம் எடுத்தார்கள். வாலில் கயிறு கட்டி இழுத்தார்கள். உதவி என்று நினைத்துத்தான் செய்திருப்பார்கள். சுறாவை வால் பக்கமாக இழுத்தால் செவுளில் தண்ணீர் ஒழுங்காக ஓடாது, மூச்சு முட்டும். திமிங்கிலத்துக்கு ஈரத் துணி போர்த்தலாம், ஆனால் உச்சித் துளையில் தண்ணீர் ஊற்றக் கூடாது. இதையெல்லாம் சொல்ல உங்கள் பக்கத்தில் நாலு வரி போதும். கூடவே கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 எண்ணையும் போடலாம்.

பேர் வைப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். குஜராத்தில் இதே மீனை ஈரல் எண்ணெய்க்காகக் கொன்று குவித்தார்கள். 2001-ல் அது வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைக்கு, அதாவது கொல்லவே கூடாத பிராணிகளின் பட்டியலுக்கு வந்தது. சட்டத்தோடு விடாமல், அங்கே அதற்கு 'வாலி' என்று பேர் வைத்து ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார்கள். செல்லம் என்று அர்த்தமாம். (நம் ஊரில் வாலி என்றால் வேறு ஞாபகம் வரும், அது இருக்கட்டும்.) பிறந்த வீட்டுக்கு வந்த மகளைக் கொல்வார்களா என்று கேட்டார்கள். மீனை விடுவிக்க அறுத்த வலைக்கு வனத்துறை இழப்பீடு கொடுக்கிறது. கொன்ற அதே கடலோரத்தில் மீனவர்களே வலையை அறுத்து இதுவரை நூற்றுக்கணக்கான மீன்களை விட்டிருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. அந்தப் படத்தை என் மச்சினனிடம் காட்டினேன். செவுளைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஈரமாத்தான் இருக்கு அத்தான்" என்றான். பையன்கள் ஏறி நின்றபோது அந்த மீனுக்கு உயிர் இருந்ததா, அப்புறம் அது என்ன ஆனது என்று செய்தியில் ஒரு வரி இல்லை. உங்கள் நிருபரை விட்டு விசாரித்துப் போடச் சொல்ல முடியுமா?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உப்பளக் கணக்குப்பிள்ளை ஒருவர்,
தூத்துக்குடி.