கடிக்கிற நாய்க்குச் சங்கிலி மருந்தாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடிக்கிற வளர்ப்பு நாய்களை நாள் முழுக்கச் சங்கிலியில் போட்டு வைக்க வேண்டும் என்று வாசகர் ஒருவர் சென்ற வாரம் எழுதியிருந்தார். அவருடைய பயம் நியாயமானது. ஆனால் அவர் சொல்லும் வழி நாயை இன்னும் மூர்க்கமாக்கும். கோவில்பட்டிப் பக்கம் கன்னி என்ற நாட்டு இன நாய்களோடு வளர்ந்தவன் நான்.

கன்னியும் சிப்பிப்பாறையும் கரிசல் காட்டில் முயல் விரட்டிய இனங்கள். முயல் வேட்டைக்கு இன்று சட்டம் இடம் கொடுக்காது. ஓட வேண்டும் என்ற துடிப்பு மட்டும் ரத்தத்தில் அப்படியே இருக்கிறது. நாட்டு நாய் என்ற பெருமைக்காக வாங்கி, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி நிழலில் கட்டிப் போட்டால் என்ன ஆகும்? எதிர்வீட்டுத் தம்பி வளர்த்த கன்னி ஒரு நாள் சங்கிலியை அறுத்துக்கொண்டு வந்து பால்காரரின் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. புறவழிச்சாலையில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று அந்த வீட்டில் பேச்சு. "கொஞ்சம் பொறு தம்பி, நான் பார்க்கிறேன்" என்று அதை வாங்கிக்கொண்டேன்.

முதலில் கால்நடை மருத்துவரிடம் போனோம். காதுக்குள் சீழ் பிடித்திருந்தது. தலைப்பக்கம் கை போனாலே சீறியதற்கு அந்த வலிதான் காரணம்.

அப்புறம் ஓட்டம். தார் சூடேறும் முன்னால், வாய்மூடி போட்டு, நீளக் கயிற்றில் கண்மாய்க்கரைக்குக் கூட்டிப்போவேன். வாய்மூடிக்குள் ஈரல் துண்டு வைத்து, அதுவாக மூக்கை நுழைக்கும்வரை காத்திருந்துதான் பழக்கினேன். பைக் சத்தம் கேட்டால் பாயும். அதனால், பைக்கைப் பார்த்தும் குரைக்காத தூரத்தில் நிறுத்தி, ஒவ்வொரு பைக் கடக்கும்போதும் ஒரு ஈரல் துண்டு. நாள் போகப்போகத் தூரத்தைக் குறைத்தேன். ஒரு காலை, பைக் வந்ததும் சாலையை விட்டுவிட்டு என் கையைப் பார்த்தது! மாலையில் சாக்குக்கு அடியில் ரொட்டித் துணுக்குகளை ஒளித்து வைத்து மோந்து தேட விடுவேன். அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கும்.

தயவுசெய்து உறுமுகிற நாயை அடிக்காதீர்கள். கிட்டே வராதே என்று அது சொல்கிற வழி உறுமல். அடித்து அதை நிறுத்திவிட்டால், அடுத்த முறை சத்தமில்லாமல் கடிக்கும். உடம்பு விறைப்பது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, உதட்டை நக்குவது எல்லாம் அதற்கும் முன்னாலேயே வரும். வால் ஆடுகிறதே என்று நம்பிக் குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். விறைப்பாகத் தூக்கிய வாலும் ஆடும்.

இப்போது பால்காரர் வந்தால் அது தன் சாக்கில் போய்ப் படுத்துக்கொள்கிறது. ஆனாலும் வெளியே போனால் வாய்மூடி உண்டு. அதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

2024 மார்ச்சில் மத்திய அரசு, மூர்க்கமானவை என்று 23 வகை நாய்களைத் தடைசெய்யச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டது. கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்தப் பட்டியலில் கன்னி கிடையாது. ஆனாலும் பால்காரர் தடுப்பூசிக்கு அலைந்தார். இனத்தைப் பார்க்கிறவர்கள் வளர்ப்பையும் பார்க்க வேண்டாமா? 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயைப் போதிய அளவு நடக்க, ஓட விடாததைக் குற்றம் என்கிறது. நாய்க்கு உரிமம் கொடுக்கும் உள்ளாட்சிகள் தடுப்பூசிச் சான்றைக் கேட்பதோடு இந்தப் பிரிவையும் எடுத்துச் சொல்ல வேண்டும். பகுதிக்கு ஒரு திடலுக்காவது வேலி போட்டு, விடியற்காலையில் நாய்கள் ஓடி விளையாட அதைத் திறந்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர்,
திருநகர், மதுரை.