போட்டி தொடங்கியதும் பலப் பயிற்சியை நிறுத்தாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் மோதும் குறுவட்டப் போட்டிகள் தொடங்கிவிட்டன. தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஜெயித்த பிள்ளைகளின் படங்களைத் தினமும் பார்க்கிறேன். சந்தோஷமாக இருக்கிறது. கூடவே ஒரு கவலையும் வருகிறது. இவர்களில் எத்தனை பேர் மாநிலப் போட்டி நடக்கும்போது இதே பலத்தோடு இருப்பார்கள்? அரசுப் பள்ளிகளில் 29 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியையாக வேலை பார்த்தவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் இதுதான். கோடை விடுமுறையில் பிள்ளைகளை நன்றாக வேலை வாங்குவோம். பஸ்கி, தண்டால், மணல் மூட்டையைத் தோளில் வைத்துப் படியேறுவது என்று பலப் பயிற்சி எல்லாம் நடக்கும். குறுவட்டத் தேதி வந்ததும் அத்தனையும் நின்றுபோகும். "இனிமே வெயிட்டைத் தொடாதே, உடம்பு இறுகிடும், கால் ஃப்ரீயா இருக்கணும்" என்போம். நானும் பல வருஷம் அப்படிச் சொன்னவள்தான். ஒரு வாரத்தில் முடிகிற போட்டி என்றால் அதில் தவறே இல்லை. ஆனால் நம் பள்ளிப் போட்டிகள் குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று மாதக்கணக்கில் நீளுகின்றன. நடுவில் முதலமைச்சர் கோப்பை வருகிறது. கபடி ஆடுகிற பையன் என்றால் கோயில் கொடைத் திருவிழாவில் ராத்திரி ஆட்டமும் உண்டு. கோடையில் சேர்த்த பலம் இரண்டு மூன்று மாதத்தில் பெரும்பாலும் கரைந்துவிடும். ஆக, மாநிலப் போட்டிக்குப் போகும்போதுதான் பிள்ளை இருப்பதிலேயே பலவீனமாக நிற்கிறது.

இதை நான் புத்தகத்தைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பத்தாம் வகுப்பு படித்த ஒரு மாணவி, 100 மீட்டர் ஓட்டக்காரி. குறுவட்டத்தில் செம்மண் தரையில் வெறுங்காலோடு ஓடி முதலாவதாக வந்தாள். மாவட்டத்திலும் முதலிடம். மாநிலப் போட்டியில் எழுபது மீட்டர் வரை இரண்டாவதாக வந்துகொண்டிருந்தவள், திடீரென்று வலது தொடையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தேன். "யாரோ பின்னாலேர்ந்து கல்லால அடிச்ச மாதிரி இருந்துச்சு டீச்சர்" என்றாள். மீன் கடையில் ஐஸ் வாங்கித் துண்டில் சுற்றி, ரயிலில் ஊர் வரும்வரை அவள் தொடையில் வைத்துக்கொண்டே வந்தேன். அந்த நான்கைந்து மாதமும் தினம் ஓடவிட்டேன். பின்தொடைக்கு என்று ஒரு பயிற்சிகூடக் கொடுக்கவில்லை. தவறு என்னுடையது.

அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். 1996-ல் அமெரிக்காவில் பேஸ்பால் ஆடும் சிறுவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்திருக்கிறார்கள். 12 வாரம் பலப் பயிற்சி கொடுத்துவிட்டு, சீசன் நடந்த 12 வாரமும் சிலருக்கு வாரம் ஒருமுறை, சிலருக்கு இருமுறை கொடுத்துப் பார்த்தார்கள். வாரம் ஒரே ஒருமுறை செய்தவர்களும் சேர்த்த பலத்தைத் தக்கவைத்துக்கொண்டார்கள். வாரத்தில் ஒரு நாள்! அதைக்கூட நாம் கொடுக்காமல் விட்டிருக்கிறோம்.

மறு வருஷத்திலிருந்து செவ்வாய்க்கிழமை தோறும் 25 நிமிடம் என்று வைத்துக்கொண்டேன். ரேஷன் அரிசிப் பையில் மணல் நிரப்பித் தைத்த மூட்டை, பழைய சைக்கிள் டியூப், ஒரு பெஞ்சு. செலவு அவ்வளவுதான். பின்தொடைக்கு ஒரு பயிற்சி இருக்கிறது. ஒரு பிள்ளை முழங்காலிட்டு நிமிர்ந்து நிற்க வேண்டும், இன்னொரு பிள்ளை பின்னாலிருந்து அவளுடைய கணுக்கால்களை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். இடுப்பை மடக்காமல், மரம் சாய்வதுபோல மெதுவாக முன்னால் சாய்ந்துகொண்டே போய், முடியாத இடத்தில் கையை ஊன்றிக்கொள்ளலாம். முதல் நாள் ஐந்து முறைக்கு மேல் வேண்டாம், மறுநாள் உட்காரவே முடியாது. உலகில் பல கால்பந்து அணிகள் பின்தொடைக் காயத்தைத் தடுக்க இதைச் செய்கின்றன.

சீசனில் நாம் இன்னொரு தவறும் செய்கிறோம். மூட்டையின் எடையைக் குறைத்துவிட்டு, எண்ணிக்கையைக் கூட்டுகிறோம். செய்ய வேண்டியது அதற்கு நேர்மாறானது. பழகிய எடை அப்படியே இருக்கட்டும். மூன்று சுற்று செய்ததை ஒன்றாகவோ இரண்டாகவோ குறைத்தால் போதும். களைப்பும் சேராது, பலமும் போகாது. போட்டிக்கு முந்தின இரண்டு நாள் மட்டும் இதைத் தொட வேண்டாம்.

பெற்றோரின் பயம் எனக்குத் தெரியும். "வெயிட் தூக்கினா பிள்ளை வளராது" என்று சொல்லாத வீடில்லை. சரியான முறையில், ஆள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கும் பயிற்சியால் வளர்ச்சி நிற்பதாக எந்தச் சான்றும் இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கமே இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் பயிற்சியை வாரம் மூன்று நாளாவது செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் பரிந்துரைத்தது. "எவ்வளவு தூக்குவே பார்ப்போம்" என்று பையன்கள் பந்தயம் கட்டித் தூக்குவதுதான் ஆபத்து. அதை நானும் அனுமதித்ததில்லை.

பெண் பிள்ளை என்றால் "ஆம்பள மாதிரி ஆயிடுவா" என்று அம்மாக்கள் தயங்குகிறார்கள். வளரும் வயதில் முதலில் கூடுவது தசையின் பருமன் அல்ல, இருக்கிற தசையை நரம்புகள் இயக்கும் திறன்தான். வாலிபால், ஹேண்ட்பால் போன்றவை ஆடும் பெண்களுக்கு முட்டியின் லிகமெண்ட், அதாவது எலும்புகளைப் பிணைக்கும் நார், கிழிவது ஆண்களைவிட அதிகம். குதித்துத் தரையில் கால் ஊன்றும்போது முட்டி உள்பக்கமாக மடங்குவதைக் கவனித்தால் புரியும். தொடைக்கும் இடுப்புக்கும் பலம் கொடுத்து, சரியாகக் கால் ஊன்றக் கற்றுக்கொடுத்தால் அந்த ஆபத்து குறைகிறது. ஆகவே பெண் பிள்ளைகளுக்குத்தான் இது முக்கியமாக வேண்டும்.

ஒரே வருஷத்தில் சரசரவென்று உயர்ந்துவிட்ட பிள்ளைகளிடம் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்து, தொட்டாலே வலிக்கிறது என்பார்கள். அப்போது குதிப்பதைக் குறைத்து, மருத்துவரிடம் காட்ட வேண்டும். சோம்பேறித்தனம் என்று திட்டாதீர்கள்.

உடற்கல்விப் பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்ளும் தலைமை ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வாரத்தில் அந்த ஒரு பாடவேளையை மட்டும் எங்களுக்கே விட்டுவிடுங்கள். குறுவட்டப் போட்டிக்கு முன் உடற்கல்வி ஆசிரியர்கள் கூடி அட்டவணை போடும் நாளில், அரை மணி நேரம் ஒதுக்கி இந்தப் பயிற்சிகளைச் செய்து காட்டினால் புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கும் உதவும்.

தங்களிடமும் ஒன்று கேட்கிறேன். மேலே சொன்ன, முழங்காலிட்டுச் செய்யும் பின்தொடைப் பயிற்சியைப் படத்தோடு மாணவர் பக்கத்தில் ஒருமுறை வெளியிடுங்கள். வெட்டியெடுத்து, பந்து வைக்கும் பீரோக் கதவில் ஒட்டிவைத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
விருதுநகர் மாவட்டம்.