சித்தப்பா, ஜேசிபியைக் கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போனில் சொன்னதிலிருந்து என் மனசு அங்கேயேதான் சுற்றிக்கொண்டிருக்கிறது. கீழ்ப்பக்கத்துத் தென்னைகளை எடுத்துவிட்டுப் புல்தரை போடப் போகிறேன், பூச்செடி வைக்கப் போகிறேன், சாளையை, அதுதான் தோட்டத்து வீட்டை, ஒட்டி நாலு அறை கட்டி வெளியூர்க்காரர்கள் வந்து தங்குகிற மாதிரி செய்யப் போகிறேன் என்றீர்கள். ஜேசிபிக்கும் சொல்லியாச்சு என்றீர்கள். கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. நாற்பது வருஷம் அந்த மண்ணில் பாடுபட்ட மனுஷர், இனிமேல் அழகுக்காகவும் கொஞ்சம் செய்யலாம் என்று நினைத்தது எனக்குப் பெரிய விஷயம்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஜேசிபி உள்ளே இறங்குவதற்கு முன்னால் நீங்களும் சித்தியும் ஒருமுறை இலங்கைக்குப் போய், லுனுகங்கா என்கிற தோட்டத்தில் ஒரு ராத்திரியாவது தங்கிவிட்டு வாருங்கள். முடிந்தால் இரண்டு ராத்திரி.

கொழும்புக்குத் தெற்கே, பெந்தோட்டைக்குப் பக்கத்தில், தெத்துவ ஏரிக்கரையில் இருக்கிறது அந்த இடம். லுனு என்றால் சிங்களத்தில் உப்பு, கங்க என்றால் ஆறு. நம் கணக்கில் உப்பாறு. பின்னாளில் கட்டடக்கலைஞராகப் பேர் வாங்கிய ஜெஃப்ரி பாவா 1948-ல் அதை வாங்கியபோது அது ஒரு ரப்பர் தோட்டம். டச்சுக்காரர்கள் காலத்தில் அங்கே இலவங்கப்பட்டை விளைந்திருக்கிறது. பாவா அப்போது கட்டடக்கலைஞர் இல்லை, வக்கீல். வாங்கின நிலத்தைத் தன் மனசில் இருக்கிற மாதிரி ஆக்கத் தனக்குப் படிப்பு போதவில்லை என்று தெரிந்து, லண்டனுக்குப் போய்க் கட்டடக்கலை படித்து, 1957-ல், 38 வயதில் தகுதி பெற்றார். இலங்கையின் நாடாளுமன்றத்தையே வடிவமைத்த ஆள் அந்தத் தொழிலுக்கு வந்தது ஒரு தோட்டத்தால்தான். 2003-ல் இறக்கும் வரைக்கும் அவர் கவனம் அந்தத் தோட்டத்தின் மேலேயே இருந்தது.

அவருடைய கை பட்ட இடத்தை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருக்கிறீர்கள். மதுரை கோச்சடையில் ஹெரிடேஜ் ஓட்டலில் கல்யாணத்துக்குப் போயிருந்தோமே, அங்கே இருக்கிற பழைய மில் அதிகாரிகளின் கிளப் கட்டடம் பாவா வடிவமைத்ததுதான். அன்றைக்குச் சித்தி மண்டபத்துக்குள் உட்காராமல் ஆலமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார். அவருக்கு அப்போதே பிடிபட்டுவிட்டது என்று நினைக்கிறேன். கொழும்பில் பாவாவோடு பல வருஷம் பங்குதாரராக இருந்து கட்டடங்களை நிற்க வைத்தவர் பூலோகசுந்தரம் என்ற தமிழ்ப் பொறியாளர். பாவாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவர் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

சரி, தோட்டத்துக்கு வருகிறேன். முதல் தடவை நான் போனது ஒரு சுற்றுலா வேனில். உச்சி வெயில். நாற்பத்தைந்து நிமிஷம் கொடுத்தார்கள், அதிலும் கூட வந்தவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஊட்டி மலர்க்காட்சி மாதிரி ஏதோ எதிர்பார்த்துப் போன எனக்கு ஏமாற்றம். பூவே கண்ணில் படவில்லை. புல், மரம், தண்ணீர், அங்கங்கே பெரிய பெரிய ஜாடி, பாசி பிடித்த சில சிலைகள். இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்றுதான் திரும்பினேன்.

அப்புறம் இரண்டு வருஷம் கழித்து நானும் வீட்டுக்காரரும் அங்கேயே அறை எடுத்துத் தங்கினோம். மதியம் மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஐந்து மணிக்கு விட்டது. அந்த நேரத்து வெளிச்சத்தில் பார்த்தால், நான் முன்னே பார்த்த இடமே இல்லை அது. பச்சை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம், அங்கே அதில் பத்து இருபது விதம் தெரிந்தது. வீட்டுக்குத் தெற்கே மெதுவாக ஏறுகிற ஒரு மேடு, அதை இலவங்கக் குன்று என்கிறார்கள். உச்சியில் ஒரு மகிழ மரம், அதன் அடியில் ஒரு சீன ஜாடி. வீட்டிலிருந்து பார்க்கும்போது கண் நேராக அந்த ஜாடிக்குப் போகிறது. ஜாடியைத் தாண்டினால் ஏரியின் மறுபக்கத் தண்ணீர். அதையும் தாண்டினால் தொலைவில் ஒரு புத்த விகாரையின் வெள்ளைத் தாதுகோபம், அதாவது ஸ்தூபி, உப்புக்கல் அளவுக்கு.

இது தானாக அமைந்த காட்சி இல்லை, சித்தப்பா. குன்றின் தலையைச் சீவி இறக்கியிருக்கிறார் பாவா. குறுக்கே நின்ற மரங்களை எடுத்திருக்கிறார். ஜாடி ஒன்றுதான் புதிதாக வைத்தது. அந்தத் தாதுகோபம் அவருடைய நிலத்திலேயே இல்லை. இருந்தும் அவர் தோட்டம் அதுவரைக்கும் போகிறது.

உங்கள் சாளைத் திண்ணையில் உட்கார்ந்தால் ஆனைமலை தெரியாது, தென்னை ஓலைதான் தெரியும். சின்ன வயசில் மேல்நிலைத் தொட்டி மேல் ஏறித்தான் நாங்கள் மலை பார்ப்போம். கீழ்ப்பக்கம் முழுக்க மொட்டை அடித்தால் மலை தெரியும்தான். ஆனால் இரண்டு வரிசை நடுவில் எடுத்தால் மட்டும் போதுமோ? மிச்சத் தென்னை இரண்டு பக்கமும் நின்று மலையை உங்களுக்கு எடுத்துக் காட்டுமோ? எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. அதை நீங்கள் அந்த மகிழ மரத்தடியில் நின்று யோசித்தால் நல்லது.

இன்னொன்று, உங்கள் இட்டேறி. வீட்டுக்கும் கீழ்க்காட்டுக்கும் நடுவில் ஊர் வழி போகிறது, அதனால் தோட்டம் இரண்டாக வெட்டுப்படுகிறது என்று வருத்தப்பட்டீர்களே. லுனுகங்காவிலும் அதே கதைதான். வீட்டுக்கும் குன்றுக்கும் நடுவில் ஊர்ப் பாதை போகிறது. மதில் எழுப்பியிருந்தால் பார்வை செத்திருக்கும். அவர் பாதையைத் தரைமட்டத்துக்குக் கீழே தாழ இருத்தி, மேலே ஒரு பாலம் போட்டார். வீட்டிலிருந்து பார்க்கிற நமக்குப் புல்தரை ஒரே விரிப்பாகப் போவது போலத்தான் தெரியும். சைக்கிள் மணிச் சத்தம் கேட்டால்தான் அங்கே பாதை இருப்பதே தெரிய வரும். இட்டேறி இயல்பாகவே பள்ளத்தில்தானே போகிறது! உங்களுக்குப் பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வடக்கே ஏரியைப் பார்த்த மேடையில் போய் உட்கார்ந்தேன். டீ கொண்டுவந்து வைத்தார்கள். ஏரி மேல் பனி. ஒருவர் ஈர்க்குமாறால் புல்மேல் விழுந்த இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சரக் சரக் தவிர வேறு சத்தம் இல்லை. கரையோரம் ஒரு நீருடும்பு, ஆள் நீளம் இருக்கும், அவசரமே இல்லாமல் தண்ணீருக்குள் இறங்கிப் போனது. அங்கே ஈழத்தலரி மரங்கள் இருக்கின்றன. நம் ஊரில் அது ஒழுங்கில்லாமல் மேலே போகும். இவை அப்படி இல்லை. கிளைகள் முழங்கை மடக்கின மாதிரி வளைந்து, தரையைத் தொடப் பார்த்து, மறுபடி எழும்புகின்றன. இளசாக இருந்தபோதே கிளைகளில் கனத்தைக் கட்டித் தொங்கவிட்டுப் பழக்கியிருக்கிறார்கள் என்று தோட்டத்தைச் சுற்றிக் காட்டியவர் சொன்னார். எழுந்து போய் ஒரு கிளையைத் தொட்டுப் பார்த்தேன். வளைவின் உள்பக்கம் பட்டை மடிப்பு மடிப்பாக, யானைக் காலின் பின்பக்கம் மாதிரி இருந்தது. அந்த வளைவுக்கு எத்தனை வருஷம் காத்திருந்தாரோ.

தோட்டத்தில் பல இடங்களில் மேசையும் கல் இருக்கையும் போட்டிருக்கிறது. எந்த வேளைக்கு எங்கே நிழல், எங்கே காற்று என்று பார்த்துப் போட்டவை. காலைக்கு ஓர் இடம், மதியத்துக்கு ஓர் இடம், சாயங்காலத்துக்கு வேறு. ஆங்காங்கே மணி தொங்குகிறது, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு ஓசை. எந்த மணி அடித்தது என்று வைத்தே பாவா எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று வீட்டில் வேலை செய்தவர்களுக்குத் தெரியுமாம். தோட்டம் பார்க்கிறதுக்கு மட்டும் இல்லை, நாள் முழுக்க அதற்குள்ளேயே இடம் மாறி மாறி இருக்கிறதுக்கு என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது. வேனில் வந்து பார்த்த நாற்பத்தைந்து நிமிஷத்தில் அது எப்படித் தெரியும்?

இப்போது உங்கள் நாலு அறை விஷயம். லுனுகங்காவில் அறைகள் ஒரே வரிசையாக இல்லை. ஐம்பது வருஷத்தில் ஒவ்வொன்றாக, தோட்டம் எங்கே இடம் கொடுத்ததோ அங்கே முளைத்தவை. ஒன்று வாசல் பக்கம், ஒன்று குன்றின் மேல். ஓர் அறை, நன்றாகக் கேளுங்கள், பழைய மாட்டுக் கொட்டகை. அதை இடிக்காமல் ஓவியக்கூடமாக மாற்றினார், இப்போது அதில் விருந்தினர் தங்குகிறார்கள். நம் கட்டுத்தரைக் கொட்டகையை முதல் வேலையாக இடிக்கப் போவதாகச் சொன்னீர்கள். அந்தக் கூரை ஓடுகளையும், கருங்கல் தூணையும், தாத்தா வைத்த உத்தரத்தையும் நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. வேண்டாம் சித்தப்பா. முதல் அறை அதுவாகவே இருக்கட்டும். அதில் ஒரு வருஷம் ஆட்கள் வந்து தங்கட்டும். அடுத்த அறை எங்கே வேண்டும் என்று அதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஏனா டி சில்வா என்கிற துணிக் கலைஞருக்காக 1960-களின் தொடக்கத்தில் பாவா கொழும்பில் கட்டிய முற்றம் வைத்த வீடு ஒன்றும் இப்போது அங்கேதான் இருக்கிறது. கொழும்பில் அந்த நிலம் கைமாறியபோது, வீட்டைக் கல் கல்லாகப் பிரித்து, எண் போட்டு, இங்கே கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். நம் பக்கத்து முற்றம் வைத்த வீடுகள் எத்தனை இடிந்து செங்கல் விலைக்குப் போயின என்று நினைத்துக்கொண்டே அதற்குள் நடந்தேன்.

சித்திக்கு லுனுகங்காவைவிட பிரீஃப் தோட்டம்தான் அதிகம் பிடிக்கும். அதே பக்கத்தில், களவில கிராமத்தில், ஜெஃப்ரியின் அண்ணன் பெவிஸ் பாவா 1929-ல் தொடங்கியது. அதுவும் ரப்பர் தோட்டமாக இருந்த இடம்தான். அவர்கள் அப்பா வக்கீல், வழக்கில் வந்த சம்பாத்தியத்தில் வாங்கியதால் பிரீஃப் என்று பெயர்; வக்கீல் கைக்கு வருகிற வழக்கை ஆங்கிலத்தில் அப்படித்தான் சொல்வார்கள். இங்கே தொலைதூரக் காட்சி எல்லாம் கிடையாது. நிழலும் ஈரமும், ஒரு திருப்பம் தாண்டினால் இன்னொரு சின்ன அறை போல ஒரு வெளி, மூங்கில், பெரணி, படிக்கட்டு. தம்பி தோட்டத்தைத் திறந்துவிட்டார், அண்ணன் மூடி மூடி வைத்தார். இரண்டையும் அடுத்தடுத்த நாளில் பாருங்கள்.

போகிற விஷயம் சுலபம்தான். திருச்சியிலிருந்தே கொழும்புக்கு விமானம் இருக்கிறது. கொழும்பு கோட்டை ஸ்டேஷனில், பெந்தோட்டைக்குப் பக்கத்து அளுத்கமவுக்கு ரயில் ஏறி வலது பக்க ஜன்னலில் உட்காருங்கள், பெரும்பாலும் கடலை ஒட்டியே போகும். டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் நடுவில் போனால் மழைத் தொல்லை குறைவு. ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும், லுனுகங்காவில் அறை வாடகை கையைக் கடிக்கும். ஜேசிபிக்கு ஒரு நாள் கொடுக்கிற வாடகையைவிட நிச்சயம் அதிகம். கட்டுப்படியாகாது என்று தோன்றினால் பெந்தோட்டை ஆற்றங்கரையில் சின்ன விடுதிகள் நிறைய உண்டு, அங்கே தங்கிக்கொண்டு லுனுகங்காவுக்குப் பகலில் போய், கூட்டிக் காட்டுகிறவரோடு நடந்து பார்க்கலாம். ஆனால் ஒரு ராத்திரியாவது உள்ளே தங்குங்கள். அதற்கான பணத்தை நான் அனுப்புகிறேன், இதில் மறுப்பு சொல்லாதீர்கள்.

கிளம்புவதற்கு முன்னால் ஒரே ஒரு வேலை. நாளைக் காலை ஆறு மணிக்குக் காப்பியோடு திண்ணையில் உட்காருங்கள். எந்தத் தென்னை மலையை மறைக்கிறது என்று பார்த்து, அதில் மட்டும் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு வையுங்கள். எத்தனை கோடு என்று எனக்குப் போனில் சொல்லுங்கள்.

சித்திக்கு என் அன்பு.

உங்கள் அண்ணன் மகள்